கிடா விருந்தில் அவள் சொன்னது

எனக்குக் கோபம் வந்தால் குரல் நாலு வீடு தாண்டிக் கேட்கும். கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமியார் இதைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போன வருஷம் மாசி மாதத்தில் ஒரு காலை, அந்தக் குரல்தான் அவருடைய மகனைக் காப்பாற்றியது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் வாய் எனக்கு, பிழைத்தது அவர்.

சிங்காநல்லூரில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் கணபதியில் மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். அன்றைக்குக் காலை ஏழு மணிக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெஞ்சைத் தடவினார். பனியன் நனைந்திருந்தது. "கேஸ் ட்ரபிள்தான். ஒரு சோடா வாங்கியாரச் சொல்லு" என்றார். எங்கள் பக்கத்து ஆண்களுக்குக் கழுத்துக்குக் கீழே தொப்புளுக்கு மேலே எது வந்தாலும் அது வாயுதான். மூன்று தலைமுறையாக எல்லாரும் சோடா குடித்தே செத்திருக்கிறார்கள்.

நான் சோடா வாங்கவில்லை. வாசலில் நின்று கத்தினேன். எதிர்வீட்டுப் பையன் லுங்கியோடு வந்து காரை எடுத்தான். காரில் போகும்போதே என் தங்கை மருமகனுக்குப் போன் போட்டேன். அவன் அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபீஸ் வேலையில் இருக்கிறான். நாங்கள் போய்ச் சேரும்போது வாசலில் சக்கர நாற்காலி தயாராக நின்றது. எங்களுக்கு முன்னால் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் உள்ளே போனோம். அவர்களில் யாருக்கு என்ன நோவோ, அன்றைக்கு நான் அதை நினைக்கவே இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பி ஒன்றரை மணி நேரத்துக்குள் அடைத்திருந்த ரத்தக்குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள்.

"நல்ல நேரத்துக்குக் கொண்டுவந்தீங்கம்மா. இதயத் தசைக்குச் சேதமே இல்லைன்னு சொல்லலாம்" என்றார் டாக்டர். அந்த வராந்தாவில் நின்று அழுதேன். அப்படியே குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டேன். இவர் நடந்து வீட்டுக்கு வந்தால் கருப்பராயனுக்குக் கிடா வெட்டிச் சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாருக்கும் விருந்து வைக்கிறேன் என்று. நாலாம் நாள் நடந்தே வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துக்கொண்டது நான் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் பார்த்துக்கொண்டது எங்கள் வீட்டில் சமைக்கிறவள். பதினோரு வருஷமாக இருக்கிறாள். வீடு மதுக்கரைப் பக்கம். இரண்டு பஸ் மாறி எட்டு மணிக்கு முன்னால் வந்துவிடுவாள். வயது நாற்பத்தெட்டு இருக்கும். புருஷன் போய்ப் பல வருஷமாகிறது, ஒரே மகள், துணிக்கடையில் வேலை. என் குரல் எப்படியோ அதற்கு நேர் எதிர் அவள் குரல். பாத்திரம் கீழே விழுந்தால்கூட "போயிருச்சுங்க" என்று பாத்திரத்துக்கும் சேர்த்து மரியாதை கொடுப்பாள்.

உப்பில்லாமல் ருசியாகச் சமைப்பதற்கு அவள் ஒரு மாதத்தில் வழி கண்டுபிடித்தாள். எலுமிச்சை, சீரகம், கொத்தமல்லி என்று என்னென்னவோ செய்தாள். காலை மாத்திரை எது, ராத்திரி மாத்திரை எது, சாப்பிடுவதற்கு முன்னால் எது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். மறுபடி வலி வந்தால் உடனே மெல்லுவதற்கு ஒரு மாத்திரை, நாக்குக்கு அடியில் வைப்பதற்கு ஒரு மாத்திரை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அதை ஒரு சின்னப் பொட்டலமாகக் கட்டி, நான் எங்கேயாவது தொலைத்துவிடுவேன் என்று தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்து டி.வி. பார்த்துக்கொண்டு நாற்பது நாள் ராஜாவாக இருந்தார். ஆப்பிளும் ஆரஞ்சுமாக ஒறம்பரை வந்தபடி இருந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து அரை டாக்டர் ஆகிவிட்டேன். வியர்த்தால் என்ன, இடது கை கடுத்தால் என்ன, பெண்களுக்கு நெஞ்சு வலிக்காமல் தாடையும் முதுகும் வலிக்கும், குமட்டும், அதை வாயு என்று ஏமாந்துவிடக் கூடாது, இதையெல்லாம் பார்க்கில் நடக்க வருகிற பெண்களை நிறுத்தி வைத்துப் பாடம் எடுத்தேன். அவர்கள் என்னைத் தூரத்தில் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்த பிறகுதான் நிறுத்தினேன்.

வைகாசியில் வேண்டுதலைத் தீர்க்கப் புறப்பட்டோம். எங்கள் குலதெய்வம் கோயில் வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. விருந்து யாருக்காக என்றால் கிடாக்கறியைத் தொடவே கூடாதவருக்காக. அதனால் அவருக்குத் தனிச் சமையல் வேண்டியிருந்தது. "நீ வந்தாத்தான் கண்ணு அவரு ஒழுங்கா இருப்பாரு. இல்லீன்னா யாருக்கும் தெரியாம ரெண்டு துண்டு போட்டுக்குவாரு" என்று அவளையும் வேனில் ஏற்றிக்கொண்டேன்.

அங்கே நிறைய வேப்பமரம். ஒரு பக்கம் சமையல்காரர்களின் பெரிய அடுப்புகள். இன்னொரு மூலையில் இவள் சின்ன கேஸ் அடுப்பை வைத்துக்கொண்டு அவருக்கு மட்டும் கம்பு தோசையும் பீர்க்கங்காய்க் கூட்டும் செய்துகொண்டிருந்தாள். நான் பந்தல் வாசலில் நின்றிருந்தேன். விருந்து வைக்கிற வீட்டுப் பெண் வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் முறை சொல்லி "வாங்க" என்று கேட்க வேண்டும். ஒருத்தரை விட்டுவிட்டால் போதும், அடுத்த மூன்று விசேஷத்துக்கு அதையே பேசுவார்கள். கடைசிப் பந்தி எழுந்து, வீட்டுக்காரர்கள் சாப்பிட்டு, இலை எடுக்கும் வரைக்கும் விருந்து வைத்த வீட்டு ஆள் யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் வேண்டுதல் பாதியில் நின்ற மாதிரி.

கிடா வெட்டி முடித்த நேரம், பத்தரை மணி இருக்கும். அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் வந்தவர்களை "வாங்க" கேட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ஏனுங்கம்மா, சித்த முதுகு புடிச்சாப்ல இருக்குதுங்க. தாடையெல்லாம் வலிக்குதுங்க. ஓமட்டலா வேற வருதுங்க."

"காத்தால என்ன சாப்புட்டே?"

"டீ மட்டும் குடிச்சனுங்க."

"அதான். வெறும் வயித்துல டீயக் குடிச்சுப்போட்டு வெயில்ல அடுப்பு முன்னால உக்காந்தா வாயு புடிக்காம என்ன பண்ணும்?"

பக்கத்தில் சோடாப் பெட்டி இருந்தது. நானே ஒன்றை உடைத்து அவள் கையில் கொடுத்தேன். "செரீங்கம்மா" என்று வாங்கிக் குடித்துவிட்டு அடுப்புக்குத் திரும்பினாள். எனக்கு அந்த நேரத்தில் நிறைவாகக்கூட இருந்தது. இத்தனை வேலைக்கு நடுவில் சமைக்கிறவளுக்கும் சோடா உடைத்துக் கொடுக்கிற மனசு யாருக்கு வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது முறை வந்தது மூன்றாம் பந்தி நடக்கும்போது. நான் என் நாத்தனாரின் சம்பந்தி வீட்டாரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரியும். பேச்சு முடியட்டும் என்று நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ.

"அம்மா, நெஞ்சுல கல்லத் தூக்கி வெச்சாப்ல இருக்குதுங்க."

திரும்பிப் பார்த்தேன். ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. நெற்றி வியர்வை காதோரம் வழிந்தது. பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன். வைகாசி வெயில், வெள்ளகோவில் காடு, அங்கே வியர்க்காதவர் யார் என்று என் மனசு சொன்னது. "சாப்புட்டுப்போட்டு நெழல்ல சித்த படு அம்மணி. பந்தி முடிஞ்சதும் கெளம்பிரலாம்" என்றேன். மரத்தடியில் ஏழு கார் நின்றிருந்தது. ஓட்டுகிற பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தனைக் கூப்பிட்டிருந்தால் கால் மணி நேரத்தில் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். ஒரு காரைக் கூப்பிடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் வீட்டுக்காரர் அன்றைக்கு ஒரு தும்மல் போட்டிருந்தால் ஏழு காரும் கிளம்பியிருக்கும்.

அவள் சாப்பிடவும் இல்லை, படுக்கவும் இல்லை. அவருடைய தட்டைக் கழுவி, பாத்திரங்களை வேனில் ஏற்றினாள்.

திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் முன் சீட்டில் கண்ணாடியைத் திறந்துவிட்டுத் தூங்கினார். அவள் கடைசி வரிசையில் பாத்திரங்களுக்கு நடுவில் இருந்தாள். காங்கேயம், பல்லடம், சூலூர் என்று ஊர் ஊராகத் தாண்டினோம். ஒவ்வொரு ஊரிலும் ஆஸ்பத்திரிப் பலகைகளைத் தாண்டிக்கொண்டேதான் வந்தோம். பல்லடம் தாண்டியபோது பின்னாலிருந்து ஒரு மாத்திரை கைக்குக் கை மாறி முன்னால் வந்தது. "அய்யாவுக்கு மாத்திரை நேரமாச்சுங்க" என்றாள். "பாருங்க, எத்தன பொறுப்புன்னு" என்று நான் வேனில் இருந்த எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

சாயங்காலம் ஐந்தரைக்கு வீடு வந்தோம். அவள் மகளுக்கென்று தூக்குப்போசி நிறையக் கறிக்குழம்பு ஊற்றிக் கொடுத்து, "நாளைக்கு லேட்டாவே வா" என்று வீட்டுக்குத் தாட்டி விட்டேன். தூக்குப்போசியை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு மெதுவாக நடந்தாள்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அவள் மகள் கூப்பிட்டாள். "அம்மாவுக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க. நேத்தே பக்கத்துல டாக்டருகிட்ட போனமுங்க. வாயுன்னு ஊசி போட்டு உட்டாருங்க. ராத்திரியெல்லாம் செவுத்துல சாஞ்சே உக்காந்திருந்தாங்க. இப்ப மூச்சு வாங்குதுங்க." போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். தாடை, முதுகு, குமட்டல், நெஞ்சில் கல், வியர்வை. பார்க்கில் நான் பாடம் எடுத்த வரிசை மாறாமல் அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

"ஆட்டோ சொல்லிட்டமுங்க, பெரியாஸ்பத்திரிக்குப் போறமுங்க" என்றாள் மகள். அரசு ஆஸ்பத்திரியைத்தான் சொன்னாள். என் வீட்டுக்காரரைக் கொண்டுபோன இடத்துக்கு வரச் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் அவர்களே முடிவு செய்துவிட்டதில் எனக்கு ஓர் ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலை இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. "போங்க, நானும் வாரேன்" என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கூட்டம் தேர்த்திருவிழா மாதிரி இருந்தது. ஆனாலும் நாங்கள் போய்ப் பத்து நிமிஷத்தில் ஈ.சி.ஜி. எடுத்துவிட்டார்கள். தூக்கம் கெட்ட கண்ணோடு ஒரு சின்ன வயசு டாக்டரம்மா அந்தக் காகிதத்தைப் பார்த்தார். முகம் மாறியது.

"எப்பம்மா வலி ஆரம்பிச்சுது?"

"நேத்துப் பகல்லயே இருந்துச்சுங்க."

"நேத்துப் பகல்லயேவா? கூட யாரும் இல்லையா? யார்கிட்டயும் சொல்லலையா?"

அவள் கட்டிலில் சாய்ந்தபடி என்னை ஒரு தரம் பார்த்தாள். நான் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"இல்லீங்க. விசேஷ ஊடுங்க. யாருகிட்டயும் சொல்லலீங்க."

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். நான் திருத்தவில்லை. நாலு வீட்டுக்குக் கேட்கிற என் குரல் அன்றைக்குத் தொண்டையை விட்டு மேலே வரவில்லை.

வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று நர்ஸ் கேட்டதற்கு, மகள் கைப்பையைக் கட்டிலில் கொட்டினாள். என் வீட்டுக்காரரின் பொட்டலம் விழுந்தது. மெல்லுகிற மாத்திரை, நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை, இரண்டும் பிரிக்காமல் அப்படியே இருந்தன. நர்ஸ் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதக் கையில வெச்சுக்கிட்டா நாள் பூரா இருந்தீங்க? மொதல்ல குடுக்கறதே இதத்தானே. ஒண்ணு மென்னிருக்கலாமே" என்றார்.

"அது அய்யாவுதுங்க" என்றாள் அவள்.

அவளைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அரசாங்கக் காப்பீட்டு அட்டையில் அவளுக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். என் வீட்டுக்காரருக்கு வைத்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றார் டாக்டரம்மா. குழாயைத் திறந்துவிட்டார்கள், ஆனால் அந்தக் குழாயை நம்பியிருந்த தசை அதற்குள் செத்துவிட்டது. எக்கோ எடுத்த திரையில் காட்டினார். இதயத்தின் முன்பக்கச் சுவர் அசையவே இல்லை, மற்ற பக்கம் மட்டும் இழுத்து இழுத்து வேலை செய்தது. "செத்த தச திரும்ப வராதுங்கம்மா. இனி மருந்துலதான் ஓட்டணும். கனமான வேலை கூடாது. மூச்சு வாங்குனா, கால் வீங்குனா உடனே வரணும்" என்றார்.

ஒறம்பரைக்குச் சேதி போனது. போனிலும் நேரிலும் கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒரே பதில் சொன்னேன். "அவ வாயே தொறக்கலீங்க. சொல்லியிருந்தா உட்டிருப்பனா?" முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனால் ஒருத்தரும் இலையைக் கிளறிப் பார்க்கவில்லை. "அதுகளுக்குத் தாங்கற சக்தி எச்சுங்க" என்றார் ஒருவர். "வெவரம் பத்தாதுங்க" என்றார் இன்னொருவர். நானும் உச்சுக்கொட்டினேன். அவளே டாக்டரிடம் அப்படித்தானே சொன்னாள் என்று எனக்கு நானே ஒரு சாட்சியும் வைத்துக்கொண்டேன்.

"மூணு மாசம் வராத. சம்பளம் ஊட்டுக்கு வந்துரும்" என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன். நாலாவது வாரமே ஒரு நாள் காலை கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கி நின்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு உசுரு வேண்டாமா?" என்று கத்தினேன்.

"நான் ஊட்டுல படுத்திருந்தா மக வேலைக்குப் போவ மாட்டேங்கறாளுங்க. கடையில லீவு எச்சாப் போச்சுன்னா நிறுத்திப்போடுவாங்களாமுங்க. இங்க வந்தா நீங்க பார்த்துக்குவீங்கன்னு சொல்லித்தான் அவளத் தாட்டி உட்டனுங்க."

நான் பார்த்துக்கொள்வேனாம். அதற்கு மேல் நான் என்ன கத்துவது? நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அடுப்பை நான் பார்த்துக்கொண்டேன். அவள் காய் நறுக்கினாள்.

அடுத்த நாலு மாதம் எங்கள் சமையலறை அலமாரியில் இரண்டு மாத்திரை டப்பா இருந்தது. மருந்து ஏறக்குறைய ஒன்றுதான். அவருடையது மருந்துக்கடைப் பையன் வீட்டில் கொண்டுவந்து கொடுப்பது. அவளுடையது மாதம் ஒரு நாள் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்று வாங்குவது. அவர் காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, மொட்டைமாடிக்கு விறுவிறுவென்று ஏறிச் செடிக்குத் தண்ணீர் விடுவார். இவள் நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "நீயும் என்னாட்டம் வாக்கிங் போ அம்மணி, எல்லாஞ் செரியாப் போகும்" என்பார். நல்ல மனசோடுதான் சொல்வார். "செரீங்கய்யா" என்பாள். அவருக்கு நான் அந்த விருந்து நாளைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஐப்பசியில் அவளுடைய கால் வீங்கியது. செருப்பு போட முடியாமல் வெறுங்காலோடு வந்தாள். அன்றைக்கு யாரையும் கேட்கவில்லை. காரில் ஏற்றி என் வீட்டுக்காரரைப் பார்க்கிற அதே டாக்டரிடம் கொண்டுபோனேன்.

அந்த அறைக்குள் என் வீட்டுக்காரர் போனால் டாக்டர் எழுந்து கை கொடுப்பார். "எப்படி சார், வாக்கிங் எல்லாம்?" என்பார். அவர் கெட்டவர் இல்லை. அவளையும் நன்றாகத்தான் பார்த்தார். காலை அழுத்திப் பார்த்தார், முதுகில் வைத்துக் கேட்டார், எக்கோ எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பி, "ஹார்ட்டோட பம்பிங் ரொம்பக் கம்மியா இருக்கும்மா. மருந்தக் கூட்டறேன். போகப்போக என்ன பண்றதுன்னு பார்ப்போம்" என்றார். அவள் நடுவில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பற்றி என்னிடம் சொன்னார். பிறகு அவளிடம் திரும்பினார்.

"இந்த அளவுக்கு வந்திருக்கவே வேண்டியதில்லம்மா. அன்னைக்கே வந்திருந்தா சார் மாதிரி நீயும் நடந்துக்கிட்டு இருந்திருப்ப. உங்கள மாதிரி ஆளுங்க தாங்கித் தாங்கியே கெடுத்துக்கறீங்க. வலிச்சா வாயத் தொறந்து சொல்ல வேண்டாமா?"

அவள் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள். "ஆமாங்க சார். தப்புதானுங்க" என்றாள்.

எக்கோ திரையைப் பார்த்தபோதுகூட இப்படி வலித்ததில்லை. தன் நெஞ்சு பாதி செத்துப்போனதற்கு அவள் மன்னிப்புக் கேட்கிறாள், நான் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"இல்லீங்க டாக்டர்" என்றேன். கத்தத்தான் நினைத்தேன், குரல் பிசிறிக்கொண்டு வந்தது. "அவ சொன்னா. காத்தால பத்தரைக்குச் சொன்னா, மறுபடி பந்தி நடக்கறப்பச் சொன்னா. எங்கிட்டத்தான் சொன்னா. நாந்தான் சோடாவக் குடுத்து, வேல வாங்கி, பஸ் ஏத்தி உட்டேன்."

டாக்டர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "சரி, விடுங்கம்மா. நடந்தது நடந்து போச்சு" என்று மருந்து எழுத ஆரம்பித்தார்.

வெளியே மருந்துக் கடைக்கு முன்னால் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். எனக்குத் தாங்கவில்லை.

"எம்மேல கோவமா கண்ணு?"

"கோவமெல்லாம் இல்லீங்கம்மா."

"பின்ன எதுக்கு டாக்டருகிட்ட தப்புதான்னு சொன்னே? ஆஸ்பத்திரில சேர்த்த அன்னிக்கும் யாருகிட்டயும் சொல்லலைன்னு சொன்னே?"

வீங்கின காலை ஒரு தரம் குனிந்து பார்த்தாள்.

"ரெண்டு தடவ சொல்லிப் பார்த்தனுங்க. அதுக்கு மேல எப்படீங்க சொல்றது? நாங்க சொன்னா அது வாயுங்க. நீங்க சொன்னாத்தானுங்க அது நெஞ்சு வலி."

பாத்திரம் விழுந்ததைச் சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள். எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழப் பார்த்தவளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு நான் போய் மருந்து வாங்கி வந்தேன். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அழுதேன். அவள்தான் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் முதலில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் டி.வி.யை அணைத்துவிட்டார். பிறகு போனை எடுத்து உட்கார்ந்தேன். நான் பொய் சொன்ன ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன். நாத்தனார், தங்கை, சம்பந்தி வீடு, தாங்குகிற சக்தி அதிகம் என்று சொன்னவர், விவரம் பத்தாது என்று சொன்னவர், ஒருத்தரையும் விடவில்லை. விருந்தில் வாசலில் நின்று "வாங்க" கேட்ட அதே ஒழுங்கோடு வரிசையாகக் கூப்பிட்டேன். "அவ சொன்னாளுங்க. ரெண்டு தடவ சொன்னா. நாந்தான் காதுல வாங்கல" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.

எல்லாரும் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். "அன்னிக்கு இருந்த வேலையில உங்களுக்கு எப்படீங்க தெரியும்?" என்றார்கள். "நீங்க காரு வெச்சு டாக்டருகிட்ட கூட்டிப் போனதே பெருசு. எந்த ஊட்டுல செய்யறாங்க?" என்றார்கள். "இதையே நெனச்சு உங்க ஒடம்பக் கெடுத்துக்காதீங்க, மாமாவுக்கு மாத்திரை கரெக்டாக் குடுங்க" என்றாள் என் தங்கை. பதினேழு பேரிடம் பேசினேன். அவளுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.